கொரியச் சந்தையில் மாடிப்படி ஏறுங்கள்!

நள்ளிரவுக்குள் கைப்பேசியில் ஆர்டர் போட்டுவிட்டால், காலை ஏழு மணிக்குள் கீரையும் முட்டையும் பாலும் வாசலில் வந்து காத்திருக்கும். தென் கொரியாவின் பெருநகரங்களில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வானளாவும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கும் அங்கே குறைவில்லை. இப்படிப்பட்ட ஊரில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்து விற்கும் பாட்டிக்கு என்ன வேலை? ஆனாலும் அந்த நாட்டில் இன்றைக்கும் ஏறத்தாழ 1,400 பாரம்பரியச் சந்தைகள் நடக்கின்றன. சிலவற்றில் நடக்க இடமில்லாத கூட்டம். சிலவற்றில் கடைக்காரர்களே ஒருவருக்கொருவர் துணை.

கூட்டம் இருக்கிற சந்தைகளில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. கொரிய நாடகத் தொடர்களைப் பார்த்து ஆசைப்பட்டுப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், கம்பெனி வேலையாகப் போகிறவர்கள் என நம்மவர்களும் அதில் சேர்த்தி. எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போவது, சாப்பிடுவது, படம் எடுப்பது, திரும்பி வருவது. சாப்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொரியச் சந்தைகளின் உயிர் அங்கே இல்லை. அது பெரும்பாலும் மாடியில் இருக்கிறது. அல்லது நாம் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கிறது.

பயறு அரைக்கும் எந்திரமும் பட்டுக்கடையும்

சியோலின் ஜோங்னோ பகுதியில், சொங்கேச்சொன் ஓடைக்கு அருகே இருக்கிறது குவாங்ஜாங் சந்தை. 1905இல் தொடங்கியது. கொரியாவில் ஜப்பானியரின் கை ஓங்கிக்கொண்டிருந்த காலம் அது. தலைநகரின் வணிகம் அவர்களிடம் போய்விடுமோ என்ற பயத்தில் கொரிய வணிகர்கள் சிலர் சொந்த முதல் போட்டுக் கம்பெனி தொடங்கி, நாள்தோறும் திறந்திருக்கும் நிரந்தரச் சந்தையாக இதை அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான பாக் சுங்-ஜிக் துணி வியாபாரி. இன்று கொரியாவின் பெருங்குழுமங்களில் ஒன்றான தூசான், அவருடைய கடையிலிருந்து வளர்ந்ததுதான்.

உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது எண்ணெய் கொதிக்கும் சத்தம். கடை முகப்பிலேயே மாவு எந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஊறவைத்துத் தோல் நீக்கிய பாசிப்பயறு மேலே விழ, கல்லுக்கு நடுவிலிருந்து வெளிர்மஞ்சள் மாவு கெட்டியாக வழியும். அதில் முளைப்பயறு, வெங்காயத்தாள், நறுக்கிய கிம்ச்சி எல்லாம் கலந்து, பெரிய இரும்புக் கல்லில் குளம் போல எண்ணெய் ஊற்றி, உள்ளங்கை கனத்துக்கு வார்க்கிறார்கள். பிந்தேத்தொக் என்று பெயர். நம் பெசரட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் மொறுமொறுப்பில் வடைக்கட்சி. வெங்காயம் மிதக்கும் சோயா சாறு தொட்டுச் சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, பல கடைகளில் பன்றிக்கறிக் கொத்தும் சேர்கிறது. வெறும் அப்பம் என நினைத்துக் கையில் எடுக்கும் ஒமுக் மீனால் ஆனது, நெத்திலி போட்ட சாற்றில் வேகிறது. ரத்தமும் சேமியாவும் அடைத்த குடல்தான் சுண்டே. சந்தையில் முழுச் சைவம் தேடுவது கஷ்டமான காரியம். பூசணிக் கஞ்சி, இனிப்புச் சிவப்புப்பயறு வைத்த பலகாரம் என்று சமாளிக்கலாம்.

விரல் நீளக் குட்டிச் சோற்றுச் சுருளான கிம்பாப்பை இங்கே ‘போதை கிம்பாப்’ என்றே விற்றார்கள். தின்றால் விட முடியாதாம். போதைப்பொருள் வழக்குகள் பெருகியதும், சாப்பாட்டுக்கு இப்படிப் பெயர் வைக்க வேண்டாம் என்று அரசாங்கம் அறிவுரை சொல்லிவிட்டது. பச்சை மாட்டிறைச்சியை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, முட்டை மஞ்சள்கருவும் பேரிக்காயும் சேர்த்துத் தரும் யுக்வே கடைகளுக்கென்று தனிச் சந்தே உண்டு. அதில் ஒரு கடை மிஷலின் வழிகாட்டியிலும் இடம்பிடித்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபுட்’ தொடரில், இங்கே கத்தியால் நூடுல்ஸ் வெட்டி விற்கும் பெண்மணி ஒருவரின் கதை வந்தது. அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டாம். கடைக்கு முன்னால் போட்டிருக்கும் நீள பெஞ்சுகளுக்கு உள்ளே மின்சூடு உண்டு. ஜனவரி குளிரில் அதில் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

புகழ் வந்தால் பின்னாலேயே பேராசையும் வரும். 2023 நவம்பரில் யூடியூபர் ஒருவர் இங்கே 15,000 வோன் கொடுத்து ஒரு தட்டு ஜொன் எனும் அடை வாங்கினார். நம் கணக்கில் ஆயிரம் வோன் ஏறத்தாழ 60 ரூபாய். தட்டில் வந்தது கைப்பிடி அளவு. போதாததற்கு இன்னும் வாங்கு என்ற வற்புறுத்தல். காணொலி பரவியதும் நாடே கொதித்தது. வணிகர் சங்கம் அந்தக் கடையைப் பத்து நாள் மூட வைத்தது. விலையோடு அளவையும் எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவருவோம் என்று சியோல் மாநகராட்சி சொன்னது. கொரியர்களுக்கு அந்தப் பணம் பெரிய விஷயமில்லை. சந்தை என்றால் கை தாராளமாக அள்ளிப் போடும், கொசுறு கேட்காமலே விழும் என்ற நம்பிக்கையில் கை வைத்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

இப்போது படியேறுவோம். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளுக்கு மாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. குவாங்ஜாங் பிறவியிலேயே துணிச் சந்தை. மேல்தளத்தில் வரிசையாகப் பட்டுக் கடைகள், ஹன்போக் எனும் மரபு உடை தைப்பவர்கள், மெத்தை விரிப்புக் கடைகள். மாதுளைச் சிவப்பு, கத்தரிப்பூ, இளம்பச்சை என்று துணிச் சுருள்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொடுக்கும் வழக்கம் கொரியாவிலும் உண்டு. பட்டும் படுக்கை விரிப்பும் அதில் முக்கியம். ஒரு காலத்தில் அம்மாவும் பெண்ணுமாக அரை நாள் உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்த இடம் இது. இன்று சீர் சுருங்கிவிட்டது, ஒரு நாள் உடுத்த வாடகை ஹன்போக் போதும் என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஹன்போக் உடுத்தி வந்தால் சியோல் அரண்மனைகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றி வாடகை உடைக் கடைகள் பெருகி, வாசலில் நாள் முழுதும் திருவிழாக் கூட்டம். அங்கே உலவும் உடைகளில் பெரும்பாலானவை சரிகைப் பளபளப்பு போட்ட பாலியஸ்டர். அசல் பட்டை வெட்டித் தைக்கத் தெரிந்த கைகள், நடந்து போகும் தூரத்தில், மாடியில் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கின்றன. அதே மாடியில் பழைய வெளிநாட்டு உடைகள் விற்கும் பகுதி மட்டும் பிழைத்துக்கொண்டது. இருபது வயதுக்காரர்கள் அங்கே கோட்டு தேடி வருகிறார்கள்.

இரவைப் பகலாக்கும் தொங்தேமுன்

குவாங்ஜாங்கிலிருந்து ஓடையோரமாகக் கிழக்கே நடந்தால் தொங்தேமுன். ஜாஹா ஹதீத் வடிவமைத்து 2014இல் திறந்த, மூலைகளே இல்லாத வெள்ளித் திமிங்கிலக் கட்டடம் முன்னால் நிற்கிறது. பழைய விளையாட்டரங்கை இடித்த இடம் அது. பயணிகள் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது, அதே இடத்துக்கு நடுநிசி தாண்டி மறுபடி போவதை.

இங்குள்ள மொத்தவிலைத் துணி மாளிகைகள் இரவு எட்டு மணி வாக்கில் விளக்கேற்றி விடியும் வரை நடக்கின்றன. நாடெங்கும் உள்ள சின்னத் துணிக்கடைக்காரர்கள் இரவோடு இரவாகக் கொள்முதல் செய்துகொண்டு, காலையில் தங்கள் ஊரில் கடை திறக்க வேண்டுமே! நேரில் வர முடியாதவர்களுக்காகவே ஒரு தொழில் இருக்கிறது. கொரியாவில் அவர்களை ‘சம்ச்சொன்’, அதாவது மாமா, சித்தப்பா என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடைக்காரர் அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி, சரக்கைப் பொறுக்கி, ஆள் உயர மூட்டைகளாகக் கட்டி, விடிவதற்குள் அனுப்பிவைப்பவர்கள். நடைபாதையில் அந்த மூட்டைகள் மலை போலக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர், கடைப் பெயர். நடுவே பைக்குகள், முதுகில் துணிச் சுருள்களைச் சுமந்தபடி சந்து சந்தாகப் பாய்ந்துகொண்டிருக்கும்.

பகலில் அந்த பைக்குகள் போகும் திசையில் சாங்சின்தோங் என்ற மேட்டுப் பகுதி இருக்கிறது. வீட்டுக்கு வீடு தையல் எந்திரம். துணி ஒரு கட்டடத்தில், பொத்தானும் ஜிப்பும் இன்னொரு கட்டடத்தில், வெட்டுவதும் தைப்பதும் மேட்டில், விற்பது கீழே. எல்லாம் நடந்து போகும் தூரம். மனதில் தோன்றிய ஒரு சட்டை இரண்டொரு நாளில் கடையில் தொங்கும் வேகம் இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் கண்ணாடி மாளிகைகளைவிட, இந்த நெருக்கமே தொங்தேமுனின் மூலதனம்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. கொரியப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த அகதிகள் ஓடைக்கரையில் தையல் எந்திரம் போட்டுப் பிழைத்தார்கள். அங்கேதான் 1960களின் தொடக்கத்தில் ப்யோங்வா சந்தைக் கட்டடம் எழுந்தது. பெயருக்குப் பொருள் அமைதி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் பரண் அடித்து, பதின்வயதுப் பெண்களை உட்கார வைத்து, நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தைக்க வைத்தார்கள். துணித் தூசியில் நுரையீரல் கெட்டவர்கள் பலர். அங்கே துணி வெட்டும் வேலையில் இருந்த சொன் தே-இல் என்ற இளைஞர், நாட்டில் தொழிலாளர் சட்டம் ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் படித்தார், ஆய்வு நடத்தினார், அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, சந்தைக்கு முன்னால், சட்டத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லி முழங்கித் தன்னையே தீக்கிரையாக்கிக்கொண்டார். வயது 22. கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு அந்த நாளுக்கு முன், பின் என்றுதான் பிரிக்கப்படுகிறது. அவருடைய அம்மா லீ சோ-சொன் மகன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தொழிலாளர்களின் தாய் என்றே பெயர் பெற்றார். ஓடைமேல் உள்ள பாலத்தில் இடுப்பளவு சிலையாக இன்று நிற்கிறார் சொன். சந்தை இன்னமும் அதன் எதிரில் நடக்கிறது. தொங்தேமுனில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரமிருக்கிறது என்றால், திமிங்கிலக் கட்டடத்தை விட்டுவிட்டு இந்தப் பாலத்துக்குப் போகலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. மொத்தவிலைக் கடைகளில் ஒற்றைத் துணி கொடுக்க மறுப்பார்கள், போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், மாற்றித் தருவதும் கிடையாது. முகம் சுளிக்காதீர்கள், அவர்கள் வியாபாரம் அது. சில்லறைக்குத் தனிக் கட்டடங்கள் இருக்கின்றன. இணைய விற்பனையும் சீனச் சரக்கும் வந்த பிறகு அந்தச் சில்லறை மாளிகைகளில்தான் மூடிய ஷட்டர்கள் அதிகம்.

வாளி ஏந்திய ஆச்சிகள்

சியோலின் நம்தேமுன் சந்தை பற்றி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 1414இல் அரசாங்கமே கடை கட்டி வாடகைக்கு விட்டதில் தொடங்கியது என்பார்கள். பக்கத்தில் நிற்கும் நகரவாயில் 2008இல் தீவைப்பில் எரிந்து, 2013இல் மீண்டும் திறந்தது. குழந்தைத் துணி, மூக்குக் கண்ணாடி, ஜின்செங், கடற்பாசித் தாள் வாங்க ஏற்ற இடம். வாளைமீனை முள்ளங்கியோடு காரமாகக் குழம்பு வைத்துத் தரும் சந்துக்கு நான் உத்தரவாதம்.

மீன் என்றால் புசானுக்குத்தான் போக வேண்டும். சியோலின் நொர்யாங்ஜின் மீன்சந்தை பெரியது, 1971இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 2016இல் திறந்த புதுக் கட்டடத்துக்குப் போக மறுத்துப் பழைய வியாபாரிகள் சில ஆண்டுகள் போராடிப் பார்த்தார்கள்; முடியவில்லை. ஆனால் புசானின் ஜகல்ச்சி மீன்சந்தைக்கு இருக்கும் வாசம் அதற்கு இல்லை.

1950இல் போர் மூண்டபோது நாட்டின் தென்கோடியில் எஞ்சிய பெருநகரம் புசான். தலைநகரமே அங்கே இடம்பெயர்ந்தது. வடக்கிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பிரிந்தால் யொங்தோ பாலத்தில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தவர்கள், அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் ஜகல்ச்சி. ஆண்கள் போரில், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் வாளியில் மீனை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்கள். ‘ஜகல்ச்சி அஜிமே’, அதாவது ஜகல்ச்சி ஆச்சி, என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, பூப்போட்ட தொளதொளக் கால்சட்டை, சுருட்டை முடி. இன்றைக்கும் அதே கோலம்தான். ‘வாங்க, பாருங்க, வாங்கிக்கங்க’ என்று அந்த வட்டார வழக்கில் கூவுவதே சந்தையின் முழக்கமாகி, அக்டோபர் மாதத் திருவிழாவின் பதாகையிலும் ஏறிவிட்டது.

கண்ணாடித் தொட்டிகளில் அபலோன், கடல்அன்னாசி, பெயர் சொல்லக் கூச்சப்படும் கடற்புழுக்கள் எல்லாம் உயிரோடு நெளிகின்றன. கீழே மீனைத் தேர்ந்தெடுத்தால் கண்முன் அறுத்து, மேல்தள உணவகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் தனி. தராசில் வைக்கும்போது கூடையின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். விலையை அறுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அறுத்த மீனுக்கு பேரம் கிடையாது.

சாலையைக் கடந்தால் குக்ஜே சந்தை. 1945 விடுதலைக்குப் பின் ஜப்பானியர் விட்டுப்போன சாமான்களும், தாயகம் திரும்பியவர்களின் மூட்டைகளும் கைமாறிய இடம். 2014இல் இதே பெயரில் வந்த படத்தை ஒரு கோடிக்கும் அதிகமான கொரியர்கள் திரையரங்கில் பார்த்தார்கள். ஒட்டினாற்போல், அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து கசிந்த டின் உணவுகளால் பெயர் பெற்ற ‘டின்’ சந்தை. இன்னும் கொஞ்சம் நடந்தால், அகதிகள் பழைய புத்தகம் விற்றுத் தொடங்கிய போசுதோங் புத்தகச் சந்து. ஒரு போர் எப்படிச் சந்தைகளாக உருமாறியது என்று பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு கிலோமீட்டரை நடந்தாலே போதும்.

சட்டம் போட்டுக் காத்தது

பெருநகரத்துக்கு வெளியே சந்தையென்றால் ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுவது. கங்வொன் மலைகளில் உள்ள சொங்சொன் சந்தை 2, 7இல் முடியும் தேதிகளில். சியோலை அடுத்த மோரான் சந்தை 4, 9இல் முடியும் தேதிகளில். வியாபாரிகள் இன்று ஓர் ஊர், நாளை அடுத்த ஊர் என்று சுற்றி வருவார்கள். சொங்சொனில் மலைக்கீரையும் வேர்களும் பிரசித்தம். மோரான் ஒரு காலத்தில் நாய்க்கறிக்குப் பேர் போனது. நகராட்சியும் வியாபாரிகளும் 2016இல் ஒப்பந்தம் செய்து கூண்டுகளை அகற்றத் தொடங்கினார்கள். உணவுக்காக நாய் வளர்ப்பதையும் விற்பதையும் தடைசெய்து 2024 ஜனவரியில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. அந்தத் தடை நடைமுறைக்கு வருவது 2027இல்.

மற்ற சந்தைகளைக் காப்பாற்றவும் சட்டம் வந்தது. 2012 முதல், பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் கட்டாயமாகக் கடை அடைக்க வேண்டும், நள்ளிரவுக்கு மேல் திறக்கக் கூடாது. பெரும்பாலும் ஞாயிறுகளில் அடைத்தார்கள். பெருநிறுவனங்கள் வழக்காடின, 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் சட்டம் சரியே என்றது. சந்தைகளில் செல்லும் ‘ஒன்னூரி’ பரிசுச் சீட்டு 2009 முதல் தள்ளுபடியில் கிடைக்கிறது. மழைக்கு ஒதுங்கும் கூரை, கழிப்பறை, வாகன நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அரசுப் பணம் வந்தது.

பலன்? என் கணிப்பில் பாதி. மார்ட் மூடிய ஞாயிறுகளில் ஜனங்கள் சந்தைக்குப் போகாமல் கைப்பேசியை எடுத்தார்கள். 2023இல் தேகு மாநகரம் கட்டாய விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது, வேறு ஊர்களும் பின்தொடர்ந்தன. அதே தேகுவில்தான் சொமுன் சந்தை இருக்கிறது. தேர்தல் வந்தால் வலதுசாரித் தலைவர்கள் அங்கே வந்து தட்டை மந்து எனும் கொழுக்கட்டை தின்னாமல் பிரசாரம் முடிவதில்லை. ஓட்டு கேட்க வருகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்கு மளிகையும் அங்கேயே வாங்கினால் சட்டமே தேவைப்பட்டிருக்காது.

புதுப் புது யுக்திகளும் உண்டு. சியோலின் தொங்கின் சந்தையில் 500 வோன் மதிப்புள்ள பித்தளைக் காசுகளை வாங்கிக்கொண்டு, காலித் தட்டோடு கடை கடையாகப் போய் மதியச் சாப்பாட்டை நிரப்பிக்கொள்ளலாம். மூலிகைச் சரக்குகளுக்குப் பேர் போன கியோங்தோங் சந்தையில், மூடிக்கிடந்த பழைய திரையரங்கை 2022 இறுதியில் ஸ்டார்பக்ஸ் காபிக்கடையாக்கியது. விற்பனையில் ஒரு பங்கு சந்தை நலநிதிக்குப் போகிறது. ஜின்செங் மூட்டைகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு இளசுகள் வந்தன. காபி குடிக்க வந்தவர்கள் எத்தனை பேர் வேர் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். குவாங்ஜாங்குக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும், துணிக்கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் மதியத்துக்கு முன் போய், முதலில் மாடியில் ஒரு முழம் பட்டாவது விலை கேளுங்கள், பிறகு கீழே இறங்கிப் பயறு அடைக்கு உட்காருங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். தொங்தேமுனுக்கு நள்ளிரவில் போவதானால் திரும்பி வர டாக்ஸியோ இரவுப் பேருந்தோதான் கதி. அந்நேரத்தில் சியோல் மெட்ரோ ஓடாது.